நார்ட்டன் அட்லஸுக்காகக் காத்திருக்கலாமா?

ஈரோடு_மஞ்சள்:

வணக்கம். 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் இங்கிலாந்தின் பழைய மோட்டார்சைக்கிள் நிறுவனமான நார்ட்டன் நான்கு வண்டிகளைக் காட்டியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேங்ஸ் ஆர், மேங்ஸ், அட்லஸ், அட்லஸ் ஜிடி. முதல் இரண்டும் வி4 எஞ்சின், அதாவது V வடிவில் நான்கு சிலிண்டர். என் கைக்கு எட்டாதவை, விட்டுவிடலாம். நான் கேட்க வந்தது அட்லஸைப் பற்றி. 585 சிசி, இரட்டை சிலிண்டர், நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் போகிற அமைப்பு. 2020 ஏப்ரலில் டிவிஎஸ் நார்ட்டனை வாங்கிய செய்தியைப் படித்த அன்றே, நம்மைப் போன்றவர்களுக்கும் இதில் ஒரு வண்டி வரும் என்று நம்பியவன் நான்.

இப்போது வைத்திருப்பது ஒரு 650 சிசி வண்டி. நெடுஞ்சாலையில் அருமையாகப் போகும். ஆனால் நானும் மனைவியும் எப்போதும் சேர்ந்துதான் பயணம் செய்வோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவள் பேசிக்கொண்டே வருவாள். மேலே போய் எஸ்டேட் பாதைக்குள் திரும்பியதும் பேச்சு நின்றுவிடும். பள்ளத்தில் இறங்கி எழும்போது என் தோளைப் பிடித்திருக்கும் கை இறுகும். பின் ஷாக் அப்சார்பர் அடிவரை அமுங்கிவிட்டது என்பதை அந்த இறுக்கத்திலேயே தெரிந்துகொள்வேன். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பாதையில் அவள் பேசிக்கொண்டே வர வேண்டும் என்பது என் ஆசை.

பெரிய அட்வென்ச்சர் வண்டிகளின் எடையும் உயரமும் எனக்கு ஒத்துவராது, நான் குள்ளம். 400 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் இருவரும் பெட்டிகளும் ஏறினால் திம்பம் மலையில் மூச்சு வாங்குகிறது. நடுவில் ஒரு வண்டி வேண்டும். அட்லஸ் அந்த இடத்தில் வந்து உட்காரும் என்று தோன்றுகிறது. ஒருமுறை மூடப்பட்டுத் திரும்ப வந்திருக்கும் நிறுவனத்தின் புது எஞ்சினை நம்பி, கையில் இருப்பதை விற்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை_72:

அண்ணா, அட்லஸைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். மேங்ஸ் ஆரை மட்டும் இப்படி ஒரே வரியில் ஒதுக்காதீர்கள்! 1200 சிசி, 206 குதிரைத்திறன், 204 கிலோ. இன்றைக்கு எல்லா சூப்பர்பைக்குகளும் முகத்தில் காற்றால் வண்டியை அழுத்திப் பிடிக்கும் சிறு இறக்கைகளை ஒட்டிக்கொண்டு வரும்போது, இவர்கள் அவை இல்லாமல் வழுவழுப்பாக ஒரு வண்டியைச் செய்திருக்கிறார்கள். சாலையில் ஓட்டுகிற மனிதனுக்காகச் செய்தோம் என்கிறார்கள், நான் நம்புகிறேன். வாங்கப் போவதில்லைதான். எங்கள் ஊர்ப் பந்தயத் தடத்தில் அந்த வி4 எஞ்சின் நேர்கோட்டைக் கடக்கும் சத்தத்தை ஒரு முறையாவது கேட்டுவிட வேண்டும்.

சிங்காநல்லூர்_பட்டறை:

தம்பி ஈரோடு, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எஞ்சினை நம்பலாமா என்பது ஒன்று. கம்பெனியை நம்பலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என்னால் தெம்பாகப் பதில் சொல்ல முடியும்.

அட்லஸ் என்பது நார்ட்டனின் பழைய பெயர். 1962-இல் 745 சிசியில் ஓர் அட்லஸ் வந்தது. 1949-இல் 500 சிசியில் வந்த டாமினேட்டர் எஞ்சினையே இழுத்து இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அவ்வளவு கனமான இரண்டு பிஸ்டன்கள் சேர்ந்து குதித்தால் வண்டியின் சட்டம் (ஃபிரேம்), ஹேண்டில், கால் மிதி எல்லாம் அதிரும். அதிர்வை ஒழிக்க வழி தெரியாமல், 1967-இல் கமாண்டோ வந்தபோது எஞ்சின், கியர்பெட்டி, பின் சக்கரத் தாங்கி மூன்றையும் ஒரே தொகுதியாக்கி ரப்பர் மேல் தொங்கவிட்டார்கள். எஞ்சின் தன் பாட்டுக்கு ஆடட்டும், ஓட்டுபவர் நிம்மதியாக இருக்கட்டும் என்பது கணக்கு.

அப்படி ஒரு கமாண்டோ, ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் வண்டி, என் பட்டறைக்கு வந்து போகும். நின்ற இடத்தில் ஓடவிட்டால் முன் சக்கரமே துள்ளும், கண்ணாடியில் எதுவும் தெரியாது. 3,000 சுற்றைத் தாண்டியதும் எங்கே போயிற்று அந்த ஆட்டம் என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் அந்த ரப்பர் தாங்கிகளின் பக்கவாட்டு இடைவெளி அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை உள்ளே விட்டால் சற்றே உரசிக்கொண்டு வர வேண்டும். கூடினால் வளைவில் வண்டி நெளியும், குறைந்தால் அதிர்வு முழுக்க முதுகுக்கு வரும். பழைய வண்டிகளில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் எடுத்தும்தான் அதைச் சரிசெய்ய முடியும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை.

புதிய அட்லஸின் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, 270 டிகிரி. ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது பாதி வழியில் முழு வேகத்தில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை என்பதால், வேகம் கூடக்கூடக் கைகளை மரத்துப்போகச் செய்யும் அந்தப் பொடி அதிர்வு ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. மீதியை எதிர்எடை கொண்ட பேலன்சர் தண்டைக் கொண்டு அடக்கிவிடலாம். வெடிப்புகள் சீராக இல்லாமல் விட்டு விட்டு வருவதால் சைலன்சரில் வி-ட்வின் (V வடிவ இரட்டை சிலிண்டர்) போன்ற துடிப்பும் கிடைக்கும். என்ஃபீல்டின் 650 எஞ்சினும் இதே 270 டிகிரிதான். கம்பி மீது நடக்கிற சோதனை எதுவும் இதில் இல்லை. உலகம் முழுவதும் ஓடித் தேறிய அமைப்பு. உங்கள் மனைவியின் கால்மிதியில் எறும்பு ஊராது, அந்தக் கவலையை விடுங்கள்.

இனி கம்பெனிக்கு வருகிறேன். என் மனம் கிடந்து அடித்துக்கொள்வது இங்கேதான். நார்ட்டன் 1898-இல் பர்மிங்காமில் தொடங்கியது. 1907-இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த முதல் டிடி சாலைப் பந்தயத்திலேயே இரட்டை சிலிண்டர் பிரிவில் வென்றது. 1950-இல் ஃபெதர்பெட் என்ற ஃபிரேமைக் கொண்டுவந்து, வளைவில் வண்டி எப்படி நிற்க வேண்டும் என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இத்தனை பெருமையும் இருந்த பெயர், கை மாறிக் கை மாறி, 2020 ஜனவரியில் கடனில் மூழ்கியது. முன்பணம் கட்டியவர்கள் தவித்தார்கள். ஓய்வூதியச் சேமிப்பை அதில் போட்ட சாதாரண மக்கள் தவித்தார்கள். டிவிஎஸ் அதை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது பெயரோடு இந்தப் பாரமும் சேர்ந்தே வந்தது.

டிவிஎஸ் செய்த ஒரு காரியத்துக்காக அவர்களை மதிக்கிறேன். பழைய நிர்வாகம் விற்ற வி4 எஸ்எஸ் வண்டிகளை எடுத்து ஆராய்ந்து, 35 குறைகள் இருக்கின்றன என்று 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களிடமே சொன்னார்கள். முந்தையவர் செய்த தப்பு, எங்களுக்கு என்ன என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதன் பிறகு இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே சோலிஹல்லில் புதிய தொழிற்சாலை கட்டி, அதே எஞ்சினைத் திருத்தி வி4 எஸ்வி என்று கொண்டுவந்தார்கள். அவசரப்படாமல் செய்தார்கள்.

எனக்கு இருக்கும் ஒரே எதிர்பார்ப்பு உதிரிபாகம். அந்தக் கமாண்டோவுக்கு இன்றைக்கும் கேஸ்கெட், பேரிங், ரப்பர் தாங்கி எது கேட்டாலும் இங்கிலாந்திலிருந்து வரும். பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு அவற்றைச் செய்து விற்பதற்கென்றே ஆண்டோவர் நார்ட்டன் என்று தனி நிறுவனம் இருக்கிறது. ஐம்பது வருட வண்டியை என்னால் ஓட வைக்க முடிகிறது என்றால் அதனால்தான். அட்லஸ் வாங்குகிறவருக்கும் அந்த உத்தரவாதம் வேண்டும். உதிரிபாகப் பட்டியலை எண்களோடு முதல் நாளே வெளியிட வேண்டும். கிளட்ச் தட்டு, பிரேக் பேட், செயின் செட், லீவர் இவை கோயம்புத்தூரில் அலமாரியில் இருக்க வேண்டும். டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கும் ஓசூரில் இருந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் செய்தார்கள் என்றால் நானே என் வாடிக்கையாளர்களை அனுப்பி வைப்பேன்.

சோலிஹல்_தமிழன்:

பட்டறை ஐயா எழுதியதைப் படித்ததும் இங்கிருந்து ஒன்று சொல்லத் தோன்றியது. வேலை நிமித்தமாக சோலிஹல்லில் இருக்கிறேன். இங்கே பிக்கன்ஹில்லில் தேசிய மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நார்ட்டன் வரிசை முன்னால் மணிக்கணக்கில் நிற்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். வண்டியின் பெயர்ப் பலகையைப் பார்க்காமலேயே எந்த வருடம் என்று சொல்வார்கள். நார்ட்டன் இப்போது ஒரு தமிழ்நாட்டு நிறுவனத்தின் கையில் என்று நான் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு அது நிம்மதி. ரெட்டிச்சில் பிறந்த என்ஃபீல்டின் கதை அவர்களுக்கு மனப்பாடம்: 1970 வாக்கில் இங்கே மூடிவிட்டார்கள், 1955-இல் சென்னையில் தொடங்கியது மட்டும் இன்றுவரை ஓடுகிறது.

அவர்களுடைய பயம் வேறு. மூன்று வருடம் பார்த்துவிட்டு விற்பனை போதவில்லை என்று கைவிட்டுவிடுவார்களோ என்பதே அது. நான் மதுரைக்காரன். 1911-இல் எங்கள் ஊரில் பஸ் விட்டுத் தொடங்கிய குழுமம் அது. நேரத்துக்கு வந்த அந்த பஸ்களைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். என்னால் தரக்கூடிய உறுதிமொழி அவ்வளவுதான், அதை மனதாரத் தருகிறேன்.

ஈரோடு_மஞ்சள்:

பட்டறை ஐயா, எஞ்சினைப் பற்றி இருந்த தயக்கம் போய்விட்டது, நன்றி. சோலிஹல் நண்பருக்கும் நன்றி. அந்தப் பெரியவர்களிடம் ஈரோட்டிலும் ஒருவன் காத்திருக்கிறான் என்று சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். 585 சிசி என்றால் அது முழுமையாக விழும். 650 வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு ஷோரூம் போனால் அதிர்ச்சிதான் மிஞ்சுமோ? அடுத்து, அட்லஸா அட்லஸ் ஜிடியா? எங்களுடைய பயணத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை. எஸ்டேட் பாதை கொஞ்சம்தான். ஆனால் முழு முயற்சியும் அந்தக் கொஞ்சத்துக்காகத்தானே.

சிங்காநல்லூர்_பட்டறை:

வரி எல்லோருக்கும் ஒன்றுதான் தம்பி. அந்த அளவில் எந்த வண்டி எடுத்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும். டிவிஎஸ் 2013-இலேயே பிஎம்டபிள்யூவோடு கைகோத்து, 310 சிசி வண்டிகளை ஓசூரில் செய்து உலகத்துக்கு அனுப்பியவர்கள். செலவைக் கட்டுக்குள் வைத்து நேர்த்தியாகச் செய்யும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. விலை அறிவிப்பு வரட்டும்.

ஜிடி தார்ச்சாலைக்கானது. உங்களுக்கு அது வேண்டாம், அட்லஸையே பாருங்கள். காட்சிக்கு வந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவரும் ஏறி உட்கார்ந்து, உங்கள் இரண்டு பாதங்களும் தரையில் எவ்வளவு பதிகின்றன என்று பாருங்கள். தனியாக உட்கார்ந்து பார்த்தால் உயரம் தப்பாகத் தெரியும். பின் ஷாக்கின் முன்னழுத்தத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்குவது என்பதை) கையால் திருகி மாற்ற முடிகிறதா, ஸ்பானர் வேண்டுமா என்று கேளுங்கள். பெட்டி மாட்டும் தாங்கியோடு சேர்த்துப் பின்பக்கம் எத்தனை கிலோ அனுமதி என்று கேளுங்கள். வால்வு இடைவெளி எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதைக் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் காட்டச் சொல்லுங்கள்.

650-ஐ இப்போது விற்காதீர்கள். கோவையில் யாராவது ஒருவர் அட்லஸ் எடுத்து முதல் மழைக்காலத்தை ஓட்டிமுடிக்கட்டும். அதுவரை அந்தப் பின் ஷாக்கை மாற்றிவிடலாம். உங்கள் இருவரின் எடையையும் பெட்டிகளின் எடையையும் எழுதி அனுப்புங்கள், அதற்கேற்ற ஸ்பிரிங்கை எடுத்து வைக்கிறேன்.