சோற்றைக் குறைத்தால் சூழலுக்கு நல்லதா?

நீலமலர், சென்னை:
மூன்று மாதமாக எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் அரிசி கிடையாது. கம்பு, வரகு, சாமைதான். உடம்புக்காக இல்லை, சூழலுக்காக. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடுகிறது. மனிதர்களின் வேலையால் வெளியாகும் மீத்தேனில் சுமார் 8 சதவீதம் நெல் வயல்களுடையது. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், கிட்டத்தட்ட 28 கிலோ கரியமில வாயு அளவுக்குச் சூடேற்றும். இன்னொன்று, ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமும் சேர்த்து சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் என்கிறது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் அரிசியாகவே சாப்பிடும் நகரத்துக்காரர்களாவது குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

வெண்ணாற்றங்கரை, திருவாரூர்ப் பக்கம்:
தங்கச்சி, நான் நெல் போடுகிறவன். மனதில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீத்தேன் என்ற சொல் எங்கள் ஊருக்கு வேறு வழியாக வந்தது. நிலக்கரிப் படுகையிலிருந்து அதை எடுக்கப்போகிறார்கள் என்றபோது ஊர் ஊராக எதிர்த்து நின்றோம். அதற்காகப் பேசித் திரிந்த நாட்களில்தான் இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை அருகே இறந்துபோனார். வயலைக் காப்பாற்ற நின்றவனிடம், உன் வயலிலிருந்துதான் மீத்தேன் வருகிறது என்றால் வலிக்கிறது.

சரி, அறிவியலை நான் மறுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சம்பா வயலை வந்து பாருங்கள். களிமண் பூமி. அப்போது நாங்கள் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மழைத் தண்ணீரை வடிக்க வழியில்லாமல் தவிக்கிறோம். அங்கே கம்பு விதைத்தால் வேர் அழுகிவிடும். அந்த மண்ணுக்கும் மழைக்கும் தாங்குகிற பயிர் நெல்தான். நீங்கள் சோற்றை விட்டால் என் வயலில் வரகு முளைக்காது. நெல் விலை விழும், அப்புறம் மனைக்கட்டு போட ஆள் வருவார்கள். அந்த 2,500 லிட்டரும் ஆவியாகிவிடுவதில்லை. ஒரு பங்கு கீழே இறங்கி நிலத்தடி நீராகிறது.

பாலக்கோடு, தருமபுரி:
அண்ணே, டெல்டாவுக்கு நீங்கள் சொல்வது சரி. எங்கள் பக்கம் மழையை மட்டும் நம்பும் மானாவாரி பூமி. என் அம்மா சின்ன வயதில் கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும்தான் தினசரிச் சாப்பாடு, நெல்லுச் சோறு பண்டிகைக்கு. இன்று அதே நிலத்தில் 800 அடிக்கு போர் போட்டு நெல் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்தும் எண்ணமே வருவதில்லை. அந்த நெல்லுக்கும் உங்கள் நெல்லுக்கும் ஒரே கணக்கு எப்படிப் போடுவது?

நீலமலருக்கும் ஒன்று. சாமையையும் வரகையும் உமி நீக்கி எடுப்பது லேசான வேலை இல்லை. உரலில் குத்திக் குத்தி கை மரத்துப்போன பெண்கள், ரேஷன் அரிசி வந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2023-ல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கே விளைவதை இங்கேயே சாப்பிட வைக்கும் அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

வைகைக்கரை, மதுரை:
கல்யாண வீட்டில் இலையோடு போகும் சோற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குப்பைக்கிடங்கில் புதைந்தால் அதிலிருந்தும் மீத்தேன்தான் வரும்.

நீலமலர்:
அண்ணா, கார்த்திகை மழையில் நிற்கும் தண்ணீருக்கு உங்களைக் குறை சொன்னது என் தவறுதான். ஆனால் அந்த மழைக்காலத்துக்கு முன்னால் போடும் குறுவை நெல்? அது மழைத் தண்ணீர் இல்லையே. தண்ணீரை விட்டு விட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் ஏறக்குறைய பாதி வரை குறையும், தண்ணீரும் 30 சதவீதம் வரை மிச்சமாகும் என்கிறார்கள். அதை ஏன் எல்லாரும் செய்வதில்லை? செய்கிற நாள் வரும்வரை நான் என் தட்டில் குறைப்பது எப்படித் தப்பாகும்?

வெண்ணாற்றங்கரை:
காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது எங்களுக்குப் பழைய சொல், தங்கச்சி. துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனபின் பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. போர் வைத்திருப்பவர் இதைச் செய்யலாம். வாய்க்காலை நம்பியவர் என்ன செய்வார்? முறை வரும் நாளில் தண்ணீர் கட்டாவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று நிச்சயமில்லை. மேல்வயல் தண்ணீர் என் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குப் போகிறது, நான் மட்டும் காயவிட முடியாது. வயல் காய்ந்தால் களை மண்டும். களை பறிக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுவதில்லை. இவ்வளவும் செய்து விளைவித்த நெல்லுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பீர்களா?

நீலமலர்:
கொடுப்பேன். எங்கே வாங்குவது? எங்கள் கடை மூட்டையில் பொன்னி என்று மட்டும் இருக்கிறது. ஆற்றுப் பாசனமா, 800 அடி போரா என்று கடைக்காரருக்கே தெரியாது.

வெண்ணாற்றங்கரை:
அது உண்மை. கொள்முதல் நிலையத்தில் எல்லார் நெல்லும் ஒரே குவியல்தான்.

பாலக்கோடு:
அப்படியானால் நீலமலர் சாமை வாங்குவதை விட வேண்டாம், அண்ணே. மானாவாரியில் விளைந்தது என்று ஓரளவு நம்பி வாங்கக்கூடியது அதுதான். அந்தக் காசு எங்கள் பக்கம் வந்தால் இன்னொரு போர் போடும் எண்ணம் நாலு பேருக்காவது குறையும்.

வெண்ணாற்றங்கரை:
சாமை சாப்பிடட்டும், எனக்கு வருத்தமில்லை. சம்பா பற்றி நான் சொன்னதில் மாற்றமும் இல்லை. அடுத்த குறுவையில் போர் தண்ணீர் பாயும் இரண்டு மா நிலத்தில் குழாய் புதைத்துப் பார்க்கிறேன். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, களைக்கு எத்தனை ஆள், எத்தனை மூட்டை கண்டது என்று இங்கேயே எழுதுகிறேன்.