கீபோர்டில் வாசித்ததை எப்படிச் சேமித்து வைக்கிறீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

மதுரையிலிருந்து:

வீட்டில் கீபோர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் வாசிப்பை எப்படிப் பதிவு செய்து வைக்கிறீர்கள் என்று அறிய ஆசை. முதலில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

மகள் வாய்ப்பாட்டு கற்கிறாள். அவள் சாதகம் செய்வதற்காக வர்ணங்களை (பயிற்சிக்கும் பாடப்படும் பாடல் வகை) நான் கீபோர்டில் வாசித்துக் கொடுப்பேன். யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்புடன் இணைத்து மிடியாகப் பதிவு செய்வது வழக்கம். மிடி கோப்பில் ஒலியே கிடையாது. எந்தக் கீ, எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்துடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகள்தான் இருக்கும். எனக்கு அது பிடித்ததே அதனால்தான். ஒரு கட்டை சுருதியில் நான் வாசித்ததை மகளுக்காக ஐந்து கட்டைக்கு மாற்றலாம். சங்கதி பிடிபடாத இடத்தில் வேகத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டலாம். வாசிப்பின் குரல் மாறாது.

தோடி ராக வர்ணத்தில்தான் சிக்கல் வந்தது. கீபோர்டில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது என்றால், இடது ஓரத்தில் இருக்கும், சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம்தான். தோடியின் காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) அசைக்காமல் நேராகப் பிடித்தால் அது தோடியே இல்லை. வலது கை கீயில் இருக்க, இடது கைக் கட்டைவிரலால் சக்கரத்தை மெல்ல அசைத்துத்தான் அந்த ஸ்வரத்தை வரவழைக்க வேண்டும். என் கீபோர்டில் சக்கரத்தின் வீச்சை, அதாவது அது சுருதியை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதை, நான்கு அரைச்சுரம் (அடுத்தடுத்த இரண்டு கீகளுக்கு இடையிலான தூரம் ஓர் அரைச்சுரம்) என்று வைத்திருக்கிறேன். லேப்டாப் மென்பொருளோ வழக்கப்படி இரண்டு அரைச்சுரம் என்று எடுத்துக்கொண்டது. திருப்பிப் போட்டபோது எல்லாக் கீயும் அதனதன் இடத்தில் சரியாக விழுந்தன. காந்தாரம் மட்டும் பாதித் தூரம் போய்த் திரும்பியது. "அப்பா, இது தோடி மாதிரியே இல்லையே" என்றாள் மகள்.

சக்கரம் நிற்கும் இடத்தை 0 முதல் 16383 வரையிலான ஓர் எண்ணாக மட்டுமே மிடி குறித்துக்கொள்கிறது. நடுநிலை 8192. அந்த எண் எவ்வளவு சுருதி விலகல் என்பதைத் திருப்பி ஒலிக்கும் கருவிதான் தீர்மானிக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் வீச்சின் அளவைச் சொல்லும் கட்டளையைச் சேர்த்த பிறகு காந்தாரம் பழையபடி வந்தது. இப்போது ஒவ்வொரு வாசிப்பையும் மிடியாகவும் ஒலியாகவும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு வைக்கிறேன். கர்நாடக இசை வாசிப்பவர்கள் மிடியை மட்டும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சேலத்திலிருந்து:

மதுரை அண்ணா, நீங்கள் கமகத்துக்குச் சொன்னது தாளத்துக்கும் பொருந்தும். நான் பிள்ளைகளுக்கு மெல்லிசை கற்றுக்கொடுக்கிறேன். நம் ஊர்ச் சந்தைக்கென்றே வரும் கீபோர்டுகளில் தபலா, டோலக் எல்லாம் இருக்கின்றன. ஒரு மாணவன் வீட்டில் தபலா தாளத்துடன் வாசித்துப் பதிவு செய்த மிடி கோப்பைப் பள்ளி விழாவுக்கென்று பென்டிரைவில் கொண்டுபோனான். அங்கிருந்த கணினியில் போட்டால், தபலா விழ வேண்டிய இடத்தில் மேற்கத்திய டிரம் அடிகள் விழுந்தன. பாவம், மேடைக்குப் பக்கத்தில் கண் கலங்கி நின்றான். அவன் வாசித்ததில் ஒரு குறையும் இல்லை.

மிடி கருவிகளுக்கு இடையே பொதுவாக இருக்கட்டும் என்று 1991-இல் வகுத்த பட்டியலில் 128 ஒலிகள் இருக்கின்றன. அதில் சித்தார் உண்டு, ஷெனாய் உண்டு. வீணை இல்லை, நாகஸ்வரம் இல்லை. தாளக் கருவிகளுக்கான தனிப் பட்டியலிலும் தபலா இல்லை. உங்கள் கீபோர்டுக்குள் இருக்கும் தபலா அந்தக் கீபோர்டுக்கு மட்டுமே தெரிந்த தபலா. ஆகவே மற்றவர்களுக்குக் கொடுப்பது ஒலிக் கோப்பாகவே இருக்கட்டும்.

இன்னொன்று: பதிவு முடிந்து கீபோர்ட் தன் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால், சில மாடல்களில் முன்பு சேமித்தவையும் சேர்ந்து போய்விடும். இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்து வாசிக்கும்படி என் மாணவர்களிடம் சொல்லிவருகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

ஒலியாகப் பதிவு செய்வது பற்றி மட்டும் சொல்கிறேன். கைபேசியை எதிரே வைத்துப் பதிவு செய்தால் கீ அழுத்தும் 'டக் டக்' சத்தமும் மின்விசிறிக் காற்றும் சேர்ந்தே வரும். ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் எடுத்து லேப்டாப்பின் மைக் துளையில் செருகினேன். மைக்குக்கான துளை மிகச் சிறிய சமிக்ஞையை எதிர்பார்ப்பது. கீபோர்டிலிருந்து வருவதோ அதைவிடப் பன்மடங்கு வலுவானது. ஒலி பிசிறடித்தது. இடம், வலம் இரண்டும் ஒன்றாகிச் சப்பென்று ஆனது. பிறகு கருவியின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று வாங்கினேன், இரண்டும் தீர்ந்தன. புதிதாகக் கீபோர்ட் வாங்குபவர்கள் யுஎஸ்பி வழியே ஒலியும் போகுமா, மிடி மட்டும்தான் போகுமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். ஒலியும் போகும் மாடலுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை.

ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த நொடியே நின்றது. ஒலி பிசிறடிக்கும் எல்லை 0 டெசிபல் என்பதால், பதிவின் உச்சம் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். சுருக்காத ஒலிக் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி வரும். இடம் அடைக்கிறதே என்று மூலத்தைச் சுருக்கிவிடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

மிடியைக் குறைத்துப் பேசுவதாக எனக்குப் பட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பா பல காலம் ஆலயத்தில் கீபோர்ட் வாசித்தவர். அவருடைய கீபோர்டில் புளோப்பி போடும் வசதி இருந்தது. பாமாலைகளை வீட்டில் வாசித்து அதில் சேமிப்பார். அவர் காலமான பிறகு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் புளோப்பிகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் பாட்டு எண்ணும் சுருதியும். கீபோர்ட் எப்போதோ பழுதாகிவிட்டது. யுஎஸ்பி புளோப்பி டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். கடலோர ஈரத்தில் சில பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. மற்றவை திறந்தன. உள்ளே இருந்தவை மிடி கோப்புகள். மிடி 1983-இல் வந்தது. அன்று வகுத்த அடிப்படை இன்றும் மாறவில்லை என்பதால், பழைய கோப்பு புதிய கணினியில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

ஒரு கோப்பைத் திருத்தும் திரையில் திறந்து அழுத்த வேகங்களைப் பார்த்தேன். 127 வரை போகக்கூடிய அளவில், மெட்டு போகும் மேல் சுரங்கள் 90-ஐ ஒட்டி இருந்தன. நடுவில் வரும் இரண்டு குரல்களான ஆல்டோவும் டெனரும் 50-ஐ ஒட்டி. நான்கு குரல்களையும் இரண்டு கையால் வாசிக்கும்போதே மெட்டை மட்டும் சுண்டுவிரலால் தூக்கிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் கீயை விடும் நேரம் சற்று நீண்டிருந்தது. சபையார் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருக்கிறார். ஒலிப் பதிவில் இதைக் கேட்டு உணரலாம். இப்படிச் சுரம் சுரமாகப் பார்த்துக் கற்க முடியாது. இன்று பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பிக்கு அந்தத் திரையைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பரில் கேரல் பயிற்சிக்குச் சுருதி உயரமாக இருக்கிறது என்றார்கள். ஐந்து கட்டையில் இருந்ததை நான்கு கட்டைக்கு இறக்கிக் கொடுத்தேன். பெரியப்பாவின் வாசிப்புக்கு மேல்தான் பாடிப் பழகினார்கள்.

மதுரையிலிருந்து:

ஐயா, குறைத்துச் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. உங்கள் பெரியப்பா சுருதியைக் குறித்து வைத்ததுபோல நானும் இனி கோப்பின் பெயரிலேயே ராகம், கட்டை, சக்கரத்தின் வீச்சு மூன்றையும் எழுதப் போகிறேன். எங்கள் வீட்டிலும் பழைய புளோப்பிகள் சில இருக்கின்றன. டிரைவில் போடுவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, புளோப்பியின் மூலையில் நகரும் சிறு கதவு ஒன்று இருக்கும். துளை திறந்து தெரியும்படி அதைத் தள்ளிவிட்டுப் போடுங்கள். அப்போது அதன்மேல் எதுவும் எழுதப்படாது. உலோகத் தகட்டை மெல்ல விலக்கி உள்ளே வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பூஞ்சை பிடித்ததைப் போட்டால் டிரைவின் தலையில் ஒட்டி அடுத்த புளோப்பியையும் கீறும். ஆகவே சுத்தமானவற்றை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். "ஃபார்மேட் செய்யவா" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லி வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் கீபோர்ட் இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே போட்டுப் பாருங்கள். கணினிக்குப் புரியாத வடிவத்தில் சேமித்திருந்தாலும் அதற்குப் புரியும்.