ரெண்டு பக்கமும் தப்பில்லாமல் வேலை நின்றால் ஒப்பந்தத்தை எப்போது முடிக்கலாம்?

புதுத்தளம்:
ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பு) 1999 சிவப்புப் புத்தகம் என்ற கட்டுமான மாதிரி ஒப்பந்தம். பேஸ்மென்ட் ராஃப்ட் (கட்டடத்தின் அடியில் முழுப் பரப்புக்கும் போடும் கான்கிரீட் அடித்தளப் பலகை) மட்டும் போட்ட நிலையில் வேலை நின்றுவிட்டது என்று வையுங்கள். போர், நிலநடுக்கம், அரசுத் தடை, ஓனரின் பேங்க் கடன் நின்றது: இதில் எதற்கு எத்தனை நாள் காத்திருக்கணும்? என்ன பணம் வரும்?

நூல்குண்டு:
நாலையும் ஒரே கணக்கில் சேர்க்காதீங்க. போரும் நிலநடுக்கமும் 19-ஆம் பிரிவு, அதாவது யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத அசாதாரண நிகழ்வு (ஃபோர்ஸ் மஜூர்). தெரிந்த 14 நாளுக்குள் நோட்டீஸ் போகணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நோட்டீஸ் கொடுத்த அதே காரணத்தால் கிட்டத்தட்ட மொத்த வேலையும் தொடர்ந்து 84 நாள், அல்லது விட்டுவிட்டு மொத்தம் 140 நாளுக்கு மேல் தடைபட்டால் ரெண்டு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடிக்கலாம். முடிக்கும் நோட்டீஸ் 7 நாளில் அமலாகும். முடித்த வேலை, ஆர்டர் கொடுத்து வாங்கியே ஆகவேண்டிய பொருள், தளவாடம் அகற்றும் செலவு கிடைக்கும். மீதி வேலையின் லாபம் கிடைக்காது.

வேலையைத் தொடர்வதே சட்டவிரோதம் என்று சட்டம் வந்தால் 19.7-ஆம் உட்பிரிவு பொருந்தும், அதற்கு 84 நாள் காத்திருக்கத் தேவையில்லை.

கடன் நின்றது இதில் வரவே வராது, பணம் கொடுக்கும் கடமைக்கு 19-ஆம் பிரிவு விலக்கு தராது. கான்ட்ராக்டர் 2.4-ன்படி, பணம் ஏற்பாடு செய்திருப்பதற்கான சான்றை ஓனரிடம் கேட்கணும். 28 நாளில் வராவிட்டால் வேலையை நிறுத்தப்போவதாகச் சொல்லும் 16.1 நோட்டீஸ், அதிலிருந்து 42 நாளிலும் வராவிட்டால், 14 நாள் நோட்டீஸில் முடிக்கலாம். இந்த வழியில் லாப இழப்பும் கேட்கலாம்.

ரசமட்டம்:
பேப்பர் வேலைக்கு முன்னாடி பம்பைப் பாருங்க. டீவாட்டரிங்கை (நிலத்தடி நீரைப் பம்ப் வைத்து இறைப்பதை) நிறுத்தி, ராஃப்ட் அடிமட்டத்திலிருந்து 4 மீட்டர் தண்ணீர் ஏறினால் சதுர மீட்டருக்கு 4 டன் மேல்நோக்கித் தள்ளும். 1 மீட்டர் கனமான ராஃப்ட் சுமார் 2.5 டன்தான். மேலே மாடி எடை இல்லை, ராஃப்ட் தூக்கி விரிசல் விடும். பம்ப் ஓடணும், முடியாவிட்டால் டிசைனரைக் கேட்டு உள்ளே நாமே சுமார் 2 மீட்டர் தண்ணீர் விடணும்.

டவர் கிரேனின் ஸ்லூயிங் பிரேக்கை (கிரேன் கை சுழல்வதைத் தடுக்கும் பிரேக்) விடுவித்து வைக்கணும், பூட்டினால் பெருங்காற்றில் சாயும். பள்ளத்தின் சுவரை மண்ணோடு பிடித்து நிறுத்தும் தற்காலிக கிரவுண்ட் ஆங்கர் பொதுவாக 2 வருஷத்துக்குள்ளான பயன்பாட்டுக்குத்தான்.

நூல்குண்டு:
ஆமாம். தண்ணீர் விடுமுன் ரெண்டு தரப்பும் சேர்ந்து அளவெடுத்து கையெழுத்து போடுங்க, மூழ்கிய ராஃப்டை அப்புறம் அளக்க முடியாது.