உயர்தரத்தில் பௌதிகவியலா, விவசாய விஞ்ஞானமா?

தம்பலகாமம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் ஏ சித்தியும் கணிதத்தில் பி சித்தியும் பெற்று, உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவு செய்துள்ளேன். உயிரியலும் இரசாயனவியலும் உறுதியாகிவிட்டன. மூன்றாவது பாடமாகப் பௌதிகவியலை எடுப்பதா, விவசாய விஞ்ஞானத்தை எடுப்பதா என்பதில் இரண்டு வாரங்களாக முடிவுக்கு வர முடியவில்லை. எங்கள் பாடசாலையில் விவசாய விஞ்ஞானத்துக்கு நல்ல ஆசிரியர் இருக்கிறார். பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாததால் திருகோணமலை நகரத்துக்குத் தனியார் வகுப்புக்குச் செல்ல வேண்டியிருக்கும். அப்பா வயல் செய்பவர். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்கிறார், ஆனாலும் யோசனை வருகிறது. சென்ற முறை பரீட்சை எழுதிய அக்காமார் பலர், பௌதிகவியல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளியை இழுத்து விழுத்திவிடும், இலகுவான பாடத்தை எடு என்றே சொல்கிறார்கள். மருத்துவம் படிக்க ஆசை உண்டு. அதை வெளியில் சொல்லத்தான் துணிவு வரவில்லை. கணிதப் பிரிவினர் படிக்கும் இணைந்த கணிதத்தைப் படிக்காத ஒருவரால் பௌதிகவியலைச் சமாளிக்க முடியுமா?

உப்புவெளி ஆசிரியை

மகள், நான் பல ஆண்டுகளாக உயர்தரத்துக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் வேண்டும். ஆகவே விவசாய விஞ்ஞானத்துக்குப் பெயர் கொடுக்கும் அன்றே அந்த ஆசையை விட்டுவிடுகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இசட் புள்ளியைப் பற்றி அக்காமார் சொல்வது சரியன்று. ஒரு பாடத்தில் நீங்கள் பெறும் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்துள்ளன என்பதன் அளவு) வகுத்துப் பெறுவதே அப்பாடத்துக்கான இசட் புள்ளி. மூன்று பாடங்களின் சராசரியே உங்களுக்கு வழங்கப்படுகிறது. உதாரணமாக, பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 15 என வைத்துக்கொண்டால், 55 எடுத்தவருக்கு இசட் புள்ளி 1 கிடைக்கும். "இலகுவான" வேறொரு பாடத்தில் சராசரி 55, நியம விலகல் 10 எனின், அதே 1 கிடைப்பதற்கு 65 எடுக்க வேண்டும். உங்களுக்கு இலகுவான பாடம் மற்றவர்களுக்கும் இலகுவாகவே இருக்கும் என்பதால், அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒரு பாடத்தைத் தெரிவதில் பயனில்லை.

கணிதத்தைப் பற்றிய பயமும் அளவுக்கு மீறியது. சைன், கோசைன் விகிதங்கள், சமன்பாட்டில் எழுவாய் மாற்றுதல், நேர்கோட்டு வரைபின் படித்திறன், மடக்கை ஆகியவையே பெரும்பாலும் தேவைப்படும். எளிய ஊசலில் நீளத்துக்கு எதிராக அலைவு காலத்தின் வர்க்கத்தை வரைந்து, படித்திறனிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காண்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் படிக்காத கணிதம் எதுவும் இல்லை. பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதி இல்லாததால், கையால் கணிக்கும் பழக்கத்தை மட்டும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது வேறிடத்தில்: வினாவை வாசித்தவுடன் எந்தச் சூத்திரம் என்று தேடுகிறார்கள், படம் வரைவதில்லை.

யாரிடமும் கேட்காமல் இன்றிரவு இதைச் செய்து பாருங்கள். கிடையுடன் 30 பாகை சாய்ந்த ஒப்பமான, அதாவது உராய்வற்ற, தளத்தில் 2 கிலோகிராம் திணிவுடைய கட்டை ஒன்று இருக்கிறது. தளத்தின் வழியே அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை எவ்வளவு? புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொள்ளுங்கள். விடை பிழைத்தாலும் பரவாயில்லை. அரை மணித்தியாலம் அதனோடு அமர்ந்திருக்க உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூதூர் அண்ணன்

தங்கச்சி, நான் விவசாய விஞ்ஞானம் எடுத்து, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்தவன். அது இலகுவான பாடம் என்று சொல்பவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். மண், நீர்ப்பாசனம், பீடைகள், பயிர்ப் பெருக்கம் என்று மனத்தில் வைத்திருக்க வேண்டியவை ஏராளம். அப்பாவின் வயலில் ஏன் ஒரு வரவையில் மட்டும் பயிர் மஞ்சளாகிறது என்ற கேள்வி உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்குமானால், தயங்காமல் விவசாய விஞ்ஞானத்தை எடுங்கள். பௌதிகவியலுக்குப் பயந்து அங்கே வர வேண்டாம், ஏனெனில் அது உங்களை விடப்போவதில்லை: மண்ணில் நீர் எப்படி மேலேறுகிறது, நீர்ப்பம்பி எவ்வளவு உயரத்துக்கு இறைக்கும் என்ற பாடங்கள் பல்கலைக்கழகத்தில் வந்தபோது, நான் தவிர்த்த அதே பௌதிகவியலை விடுதி அறையில் தனியாக இருந்து படிக்க வேண்டியதாயிற்று.

கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை

என் மகள் முதல் முறை பௌதிகவியலில் எஸ் (சாதாரண சித்தி) மட்டுமே எடுத்தார். இரண்டாம் முறை சி எடுத்தார். முதல் முறை நகரத்தில் வகுப்புக்குப் போய்க் கொப்பி நிறைய எழுதினாரே தவிர, கடந்தகால வினாத்தாள்களைக் கடைசி மூன்று மாதங்களில்தான் தொட்டார். முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஆகவே ஒவ்வோர் அலகும் முடிந்த கையோடு அந்த அலகின் பழைய வினாக்களைச் செய்து முடித்துவிடுங்கள். இருட்டிய பின் பேருந்தில் திரும்ப வேண்டிய வகுப்பை எடுக்காமல், சனிக்கிழமைப் பகல் வகுப்பைத் தேடி, ஊரிலிருந்து இன்னும் ஓரிரு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போனால் எங்களைப் போன்ற பெற்றோருக்கும் மனம் ஆறும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பங்கு, 55 வீதம், மாவட்ட அடிப்படையில் ஒதுக்கப்படுகிறது; பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக 5 வீதத்திலும் திருகோணமலை அடங்குகிறது. நீங்கள் முதன்மையாகப் போட்டியிடுவது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுடன்தான்.

தம்பலகாமம் மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. டீச்சர், நேற்றிரவு அந்தக் கணக்கைச் செய்தேன். முதலில் 17.3 நியூற்றன் என்று வந்தது. மனம் ஒப்பாமல் படத்தைப் பெரிதாக வரைந்து மறுபடி செய்தபோது 10 நியூற்றன் வந்தது. எது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, ஆனால் பதினொரு மணி ஆனதே தெரியவில்லை.

உப்புவெளி ஆசிரியை

இரண்டாவது விடை சரி, மகள். முதல் முறை கோசைனைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். இனி இப்படிச் சந்தேகம் வந்தால் சாய்வைப் பூச்சியமாக்கிப் பாருங்கள். தளம் மேசையைப் போலக் கிடையாக இருந்தால் கட்டையை வழியே இழுக்கும் விசை எதுவும் இருக்கக் கூடாது. கோசைனோ 20 நியூற்றன் என்று காட்டும், சைன் பூச்சியம் என்று காட்டும். பௌதிகவியலுக்கே பெயர் கொடுங்கள். அடுத்ததாக, அதே தளத்தில் உராய்வுக் குணகம் 0.2 எனக் கொண்டு கட்டையின் ஆர்முடுகலைக் கண்டு எழுதுங்கள். நேற்று வந்த அந்த 17.3 இப்போது தேவைப்படும்.