அவசர உதவி: மேப்பிள் இலையெல்லாம் சிவப்புச் சாயம் ஊற்றினதுபோல வருகிறது

மழைத்துளி (செவ்வாய் இரவு)
வணக்கம், கொஞ்சம் அவசரம். சனிக்கிழமை குடும்பமாக ரொறொன்ரோவின் ரூஜ் பூங்காவுக்குப் போய் நிறையப் படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்பு மரங்கள் எல்லாம் ஒரே திட்டு, தனி இலை என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. அம்மா மரத்துக்குக் கீழே நிற்கிற படங்களில் முகம் செம்மஞ்சள், கண்ணுக்குக் கீழே கருநிழல். மஞ்சள் இலைப் படங்களில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் வேறு. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார், மாத முடிவில் திரும்பிவிடுவார். வருகிற ஞாயிறு மறுபடி போகிறோம், அதற்குப் பிறகு மரத்தில் இலை நிற்காது. நான் எங்கே பிழை விடுகிறேன்?

திருச்சிக்காரன்
ஃபோனா கேமராவா? எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? ஆட்டோவில் விட்டீர்களா? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒளிப்பெட்டி
எதுவானாலும் லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற போலரைசர் வடிகட்டி வாங்கிப் போடுங்கள். இலையின் மேல்தோல் மெழுகு பூசினதுபோல இருக்கும், அதில் வானம் பட்டு வெளுப்பாக மினுங்கும். போலரைசரைத் திருப்பத் திருப்ப அந்த மினுக்கம் போய் உள்ளே இருக்கிற நிறம் எழும்பி வரும். நான் 10 வருடமாக அது இல்லாமல் இலை எடுத்ததே இல்லை.

பழைய ரோல்
ஒவ்வொரு ஐப்பசியிலும் இதே கேள்வி. கமராவோடு வந்த கையேட்டை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீர்களா? நாங்கள் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்த காலத்தில் வெளிச்சம் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு அல்லது பாதி) தவறினால் முழு ரோலும் போச்சு, அதனால் வெளிச்சத்தைப் படித்தோம். இப்போது பொத்தானை அமத்திவிட்டு உதவி கேட்கிறார்கள். புள்ளிகள் சென்சர் தூசி. கடையில் கொடுத்துத் துடையுங்கள்.

காட்டுவழி
ரூஜ் வேண்டாம் தங்கச்சி, வடக்கே அல்கொன்குவின் பூங்காவுக்குப் போங்கள். 60ஆம் இலக்க நெடுஞ்சாலை பூங்காவுக்குள்ளேயே 56 கிலோமீட்டர் ஓடுகிறது, வண்டியை விட்டு இறங்காமலே நிறம். நாள் அனுமதியை மட்டும் முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

செம்பருத்தி
@காட்டுவழி இந்த வாரம் அங்கே என்ன இருக்கிறது? அல்கொன்குவினில் சுகர் மேப்பிள் செப்டம்பர் கடைசியிலேயே உச்சத்துக்கு வந்து, அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் தாங்ஸ்கிவிங் முடிவதற்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். இப்போது போனால் பொன்னிறத் தாமரக் மரங்கள்தான். அழகுதான், ஆனால் அவர் கேட்பது சிவப்பு. வயதான அம்மாவோடு மூன்று மணி நேரம் காரில் போய் மொட்டை மரம் பார்ப்பதா? ரொறொன்ரோப் பக்கம் இப்போதுதான் நல்ல நேரம்.

மழைத்துளி
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டிஎஸ்எல்ஆர் கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். ஆட்டோ இல்லை, பி என்கிற மோட். நிறம் நன்றாக வரட்டும் என்று, நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற விவிட் அமைப்பைப் போட்டிருந்தேன். நல்ல வெயில், பகல் ஒரு மணி இருக்கும். விஸ்டா நடைபாதையில், அந்த மரப் பலகைத் தளத்துக்குப் பக்கத்தில்.

திருச்சிக்காரன்
விவிட், உச்சி வெயில். பாதி விடை இதிலேயே இருக்கிறது.

கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பதிகிறது. நீங்கள் திரையில் பார்க்கிற வெள்ளை ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், மூன்றையும் சேர்த்துக் காட்டுவது, அதில் பச்சைக்குத்தான் கனம் அதிகம். அதனால் சிவப்பு மட்டும் உச்ச அளவான 255ஐத் தொட்டு நிரம்பி வழிந்தாலும் அந்த வரைபடம் ஒன்றும் நடக்காததுபோல நடுவில் நிற்கும். இலையின் நரம்பும் சதையும் இரண்டுமே 255 என்று பதிவானால் கண்ணுக்கு எப்படி வேறுபாடு தெரியும்? அதுதான் உங்கள் திட்டு. விவிட் அதை இன்னும் தூக்கிவிடுகிறது.

செய்ய வேண்டியது: விவிட்டை எடுத்துவிட்டு நியூட்ரல் போடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ளஸ் மைனஸ் பொத்தானில் மைனஸ் 2/3 ஸ்டாப் வையுங்கள். ஒரு படம் எடுத்ததும் மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலதுபக்கச் சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் இன்னும் 1/3 குறையுங்கள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பும் சேர்த்து எடுங்கள், வீட்டில் வந்து கொஞ்சம் மீட்கலாம்.

அம்மா முகம் வேறு விஷயம். சிவப்புக் கூரைக்குக் கீழே நின்றால் இலை வழியாக இறங்குகிற வெளிச்சமே செம்மஞ்சள்தான், கேமராவின் எந்த வைட் பேலன்ஸும் (நிறச் சமன் அமைப்பு) அதை முழுதாகச் சரிசெய்யாது. மரத்துக்கு உள்ளே நிறுத்தாதீர்கள். நிழல் முடிகிற ஓரத்துக்குக் கூட்டி வந்து, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், மரம் நாலைந்து மீட்டர் பின்னால் இருக்கட்டும், லென்ஸை 55க்குக் கொண்டுபோங்கள். 4.30க்குப் பிறகு போங்கள், சூரியன் மறைய 6 மணிக்கு மேல் ஆகும். சூரியன் இலைக்குப் பின்னால் இருந்தால் இலை விளக்குப்போல எரியும்.

ஒளிப்பெட்டி
எல்லாம் சரி, ஆனால் போலரைசர் இல்லாமல் நிறம் முழுதாக வராது.

திருச்சிக்காரன்
போலரைசர் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். மாலையில், மர நிழலில், குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு இறங்கினால் அத்தனை படமும் அசைந்திருக்கும். மழை நின்ற காலையில் தனியாகப் போய் ஈர இலை எடுப்பவருக்கு அது அருமையான பொருள். அம்மாவையும் பிள்ளைகளையும் எடுக்கப் போகிறவருக்கு முதல் தேவை அது இல்லை.

பழைய ரோல்
நியூட்ரலில் எடுத்துவிட்டுக் கணினியில் நிறம் ஏற்றுவது படம் எடுப்பது ஆகாது. அது வர்ணம் பூசுவது. இந்த வருடம் உறைபனி சரியாக விழவில்லை, அதனால் சிவப்பே மட்டம். இல்லாததை எடுக்க முடியாது.

செம்பருத்தி
உறைபனி விழுந்தால்தான் சிவக்கும் என்பது தவறு. பச்சையம் சிதையும்போது மஞ்சள் தானாக வெளியே தெரியும், அது முன்பே இலைக்குள் இருப்பது. சிவப்பு அப்படியில்லை, இலை தன் சர்க்கரையிலிருந்து அந்த நேரத்தில் புதிதாகச் செய்வது. அதற்குப் பகலில் வெயில் வேண்டும், இரவில் குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. கடுமையாக உறைந்தால் இலை செத்துப் பழுப்பாகிவிடும்.

கறுப்புப் புள்ளியும் தூசி இல்லை என்று நினைக்கிறேன். @மழைத்துளி, மஞ்சள் இலை எடுத்தது பூங்காவுக்கு உள்ளேயா, வெளியே தெருவோரத்திலா?

பழைய ரோல்
எட்டு வருடம் சென்சர் துடைத்திருக்கிறேன். தூசி.

மழைத்துளி
மஞ்சள் மரம் எங்கள் வீட்டுக்கு முன்னால், தெருவில்.

செம்பருத்தி
அப்படியென்றால் அது நார்வே மேப்பிளாக இருக்கும், ரொறொன்ரோத் தெருக்களில் எங்கும் நட்டிருக்கிறார்கள். இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள், பால் வந்தால் அதுதான். அதற்குத் தார்ப்புள்ளி என்று ஒரு பூஞ்சை நோய் வரும், உண்மையிலேயே தார் சொட்டினதுபோல இருக்கும். மரத்துக்குப் பெரிய கெடுதி இல்லை. சந்தேகமிருந்தால் லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுங்கள். தூசி என்றால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும்.

காட்டுவழி
@பழைய ரோல் ஐப்பசி என்று எழுதினீர்கள், அது பிடித்தது. நாம் ஏன் இதை இலையுதிர் காலம் என்கிறோம்? பழந்தமிழில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் அல்லவா?

திருச்சிக்காரன்
கூதிர் என்றால் நம் ஊரில் மழையும் வாடையும். திருச்சியில் ஐப்பசியில் இலை உதிராது, தளதளவென்று இருக்கும். மரம் கொட்டுவது மாசி பங்குனியில். அந்தப் பெயரை இங்கே ஒட்டினால் பொருந்தாது.

காட்டுவழி
கூதிரில் குளிரும் உண்டே. இங்கேயும் இப்போது வாடைதான் வீசுகிறது. இலையுதிர் என்பது உதிர்வதை மட்டும் சொல்கிறது, சிவப்பதைச் சொல்லவில்லை.

செம்பருத்தி
இலை பழுத்தது என்று சொல்ல நம்மிடம் வார்த்தை இருக்கிறது. பழுக்கிற காலம் என்றே சொல்லலாம்.

பழைய ரோல்
கேள்வி கமராவைப் பற்றியது.

ஒளிப்பெட்டி
போலரைசர் வாங்கினீர்களா?

மழைத்துளி (ஞாயிறு இரவு)
வாங்கவில்லை அண்ணா. விவிட்டை எடுத்தேன், முதல் படத்தில் சிவப்பு சுவரில் முட்டியது, மைனஸ் 1க்கு இறக்கியதும் இலை நரம்பு தெரிந்தது. ஐந்து மணிக்கு அம்மாவை நிழல் ஓரத்தில் நிறுத்தினேன், முகம் அவரின் நிறத்திலேயே வந்திருக்கிறது. "ஊரில் வாதுமை மரத்தில் நாலு இலை பழுக்கும், இங்கே காடே பழுத்துக் கிடக்குது" என்றார். தெரு மரத்தின் காம்பில் பால் வந்தது. மகள் கொப்பிக்குள் வைத்திருந்த இலையிலும் அதே கறுப்புப் புள்ளி, விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படுகிறது. எல்லோருக்கும் நன்றி, அம்மாவின் பெட்டி கட்ட வேண்டும்.