மாற்றுத்திறன் குழந்தைகளோடு தன்னார்வப் பணி: ஆசிரியருக்கு என்ன கைவருகிறது?

சிறப்பாசிரியர்:

முதலில் கைவருவது, ஒரு வேலையைப் படிகளாக உடைக்கும் பழக்கம். கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். "கை கழுவிட்டு வா" என்பது நமக்கு ஒரே வேலை. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு அது எட்டு வேலை: குழாயைத் திற, கையை நனை, சோப்பை எடு, உள்ளங்கையைத் தேய், புறங்கையைத் தேய், அலசு, குழாயை மூடு, துண்டில் துடை.

இதைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுப்பது நல்லது. முதல் ஏழு படிகளுக்கும் கையைப் பிடித்து உதவுங்கள். துடைப்பதை மட்டும் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். அது பழகியதும் குழாயை மூடுவதையும் விடுங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த கை குழந்தையின் கையாக இருக்கும். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் மாட்டிக்கொள்ளும், மீதியைப் பெரியவர்கள் முடித்துவிடுவார்கள்.

தொடர்ந்து ஒரே இடத்தில் தடங்கினால், அந்தப் படி இன்னும் பெரிதாக இருக்கிறது என்று பொருள். ஈரக்கையில் சோப்பு வழுக்கும், அதை ஒரு கையில் பிடித்து மறு கையில் தேய்ப்பது இரண்டு வேலை. அதையும் உடையுங்கள்.

கணக்கு ஆசிரியர்:

இந்தக் கண்ணோடு வகுப்புக்குத் திரும்பினால் கடன் வாங்கிக் கழித்தலே வேறு மாதிரி தெரியும். 52-இல் 27 போனால் 35 என்று இரண்டு பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறாள், அதாவது எது மேலே எது கீழே என்று பார்க்கவில்லை. இன்னொருவன் சரியாகக் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 எழுதியிருக்கிறான், ஆனால் 5-ஐ 4 ஆக்க மறந்துவிட்டான். விடை ஒன்றுதான், விட்டுப்போன படி வேறு. விடைத்தாளை மட்டும் திருத்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பென்சில் நகர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பொறுமையை இந்தக் குழந்தைகள்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர்:

காத்திருப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் ஏறக்குறைய 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டறிந்து எழுதினார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

பெருமூளை வாதமுள்ள (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு எளிதில் கட்டுப்படாத), படப்பலகையைத் தொட்டுப் பேசும் குழந்தைக்கு 3 விநாடி போதாது. மனசுக்குள் 10 வரை எண்ணுங்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: முதலில் கண் படத்தைத் தேடிப்பிடிக்கும். பிறகு தோள் இறுகும், கை எழும், படத்தைத் தாண்டிப் போய்விடும், திரும்ப வரும். நான்காவது விநாடியில் கேள்வியைத் திரும்பக் கேட்டால் அத்தனையும் முதலிலிருந்து. நல்ல மனசோடு செய்கிற தவறு இது, அதனால்தான் திருத்துவதும் கடினம்.

பலகையில் 2 முதல் 4 படங்களோடு தொடங்குங்கள். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை மட்டும் வைத்தால் அது கேட்டு வாங்கும் பலகைதான், பேசும் பலகை ஆகாது. 'வேண்டாம்', 'நிறுத்து', 'இன்னும்' கட்டாயம் வேண்டும். 'வேண்டாம்' என்று குழந்தை தொட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு தடவை அதை மதிக்காவிட்டால் பலகையின் மேலுள்ள நம்பிக்கையே போய்விடும்.

சிறப்பாசிரியர்:

உதவியைக் குறைப்பதும் ஒரு கலை. கையைப் பிடிப்பது, முழங்கையை லேசாகத் தொடுவது, செய்துகாட்டுவது, சைகை என்று படிப்படியாக இறங்குங்கள். வாயால் சொல்லும் குறிப்பை நிறுத்துவதுதான் கடைசியில் கஷ்டம். "அப்புறம்?" என்று நீங்கள் கேட்டால்தான் அடுத்த படிக்குப் போவேன் என்று குழந்தை பழகிவிடும்.

பார்வை, செவித்திறன் பிரிவில் பணிபுரிபவர்:

சுருக்கமாகச் சில. கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு உங்கள் முதுகு ஒன்றும் சொல்லாது. காது கருவி உங்கள் குரலோடு நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் பெரிதாக்கும். குறைபார்வைக் குழந்தையை ஜன்னலுக்கு எதிராக உட்கார வைக்காதீர்கள், கண் கூசும். லேமினேட் செய்த அட்டையும் கூசும். பளபளப்பில்லாத தாளில் தடித்த கறுப்பு எழுத்து போதும். இவற்றைப் பழகிய ஆசிரியரின் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் பாடம் தெளிவாகப் போய்ச்சேரும்.

கணக்கு ஆசிரியர்:

ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நாள் பலூனும் இனிப்புமாக வந்து படம் எடுத்துப் போவதில் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் புது முகம் வருவதே பெரும் பாரம். வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரு பருவம் முழுக்க வர முடிந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

சிறப்பாசிரியர்:

முதல் நாளே பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியவை: வலிப்பு வருமா? விழுங்குவதில் சிரமம் உண்டா? பயிற்சி இல்லாமல் யாருக்கும் ஊட்டாதீர்கள், புரையேறும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து மணி பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடைசியாக, இந்தக் குழந்தை 'ஆமாம்' என்பதை எப்படிச் சொல்லும் என்று கேளுங்கள். ஒரு குழந்தை கண்ணை மேலே உயர்த்தும், இன்னொன்று நாக்கை லேசாக நீட்டும். அது தெரியாமல் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.