பனிக்காலத்தில் மட் ஃபிளாப்: கழற்றுவதா, விடுவதா?

வாணி (சட்பரி) கேட்கிறார்:

வணக்கம். வேலை கிடைத்து ஸ்காபரோவிலிருந்து கனடாவின் வடக்கு ஒன்ராறியோவிலுள்ள சட்பரிக்கு வந்திருக்கிறேன். என்னுடையது கொரோல்லா கார். நான்கு சக்கரங்களுக்கும் பின்னால் கெட்டி பிளாஸ்டிக் மட் ஃபிளாப் (சேறு தெறிக்காமல் தடுக்கும் தொங்கு தகடு) உண்டு. இரவுப் பணி முடிந்து காலையில் வண்டியை எடுக்க வந்தால், முன்சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே பழுப்புப் பனி கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் அதில் உரசுகிறது. போதாததற்கு, பனி வழிக்கும் வண்டி வீட்டு வாசலில் விட்டுப்போன வரம்பின் மேல் ரிவர்ஸ் எடுத்தபோது, வலப்பக்கப் பின் ஃபிளாப் பாதி பிய்ந்து தொங்குகிறது. அடிக்கடி 17ஆம் நெடுஞ்சாலையில் நோர்த் பே வரை போக வேண்டியும் இருக்கிறது. மற்ற மூன்றையும் வசந்தம் வரை கழற்றி வைத்துவிடலாமா?

மொன்றியல்வாசி:

கழற்றிவிடுங்கள். நான் ஆண்டுதோறும் அப்படித்தான் செய்கிறேன். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டயர் மாற்றுவதற்காகச் சக்கரம் கழலும் அன்றே ஃபிளாப்பையும் எடுத்துவிடுவேன். திருகாணிகள் கைக்கு எட்டும், வேலை சுலபம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஃபிளாப்பைப் பிடித்திருக்கும் திருகாணிதான் பெரும்பாலும் சக்கர வளைவின் உட்புற பிளாஸ்டிக் உறையையும் பிடித்திருக்கும். ஃபிளாப் போனாலும் அந்தத் திருகாணியைத் திரும்ப முடுக்கிவிடுங்கள். இல்லையென்றால் உறை தளர்ந்து டயரில் படும்.

கராஜ் அண்ணன் (டிம்மின்ஸ்):

தங்கச்சி, மொன்றியல் சகோதரர் சொன்னது அவருடைய தெருவுக்குச் சரி. உங்கள் வீதிக்கு நான் ஒப்ப மாட்டேன்.

வீதியில் போடும் சாதாரண உப்பு, குளிர் சுமார் −10 பாகைக்குக் கீழே போனால் பனியை உருக்கும் வலுவைப் பெரிதும் இழந்துவிடும். அதனால்தான் நம் வடக்குப் பக்கத்தில் மணலும் பொடிக்கல்லும் தூவுகிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் முன்சக்கரம் அந்தப் பொடிக்கல்லை வாரிக் கதவின் கீழ் விளிம்பில் அடிக்கும். பெயின்ட் புள்ளி புள்ளியாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் உப்புநீர் உட்காரும். வசந்தத்தில் என் கராஜுக்கு வரும் வண்டிகளைத் தூக்கியில் ஏற்றி அந்த விளிம்பை விரலால் தடவினால், ஃபிளாப் இல்லாதவற்றில் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். துருவின் தொடக்கம் அதுதான். பிறகு அதை வெட்டி ஒட்டுவதற்கு ஆகும் செலவு, நாலு ஃபிளாப்பின் விலையைப் போலப் பல மடங்கு. ஆகவே முன் ஃபிளாப் இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். பின்னால் உள்ளவை உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் கண்ணாடிக்குத்தான் அதிக நன்மை. அதையும் நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

பனி எப்போது ஒட்டுகிறது என்று கவனியுங்கள். −25இல் விழும் பனி மாவு போல உலர்ந்திருக்கும், பெரும்பாலும் தானாக உதிர்ந்துவிடும். தொல்லை தருவது −1 முதல் −8 வரையான நாட்கள். உப்புப் பட்டுக் குழம்பான பனி வளைவுக்குள் அப்பிக்கொள்ளும். வண்டியை நிறுத்தியதும் இரவுக் குளிரில் இறுகிவிடும். எனவே காலையில் உடைக்கப் பார்க்காதீர்கள். வேலைக்குப் போய் இறங்கிய உடனே, குழம்பு இன்னும் மென்மையாக இருக்கும்போதே தட்டிவிடுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து நிறுத்தினால் முன்சக்கரத்தின் பின்புறம் நன்றாகத் திறந்து கொடுக்கும். பனித் தூரிகையின் கைப்பிடி போதும். இரும்புக் கம்பி வேண்டாம்: பிரேக் குழாயும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கம்பியும் அந்த வளைவுக்குள்தான் போகின்றன. சப்பாத்துக் காலால் உதைக்கவும் வேண்டாம். கடுங்குளிரில் கெட்டி பிளாஸ்டிக் நொறுங்கும். ஃபிளாப்போடு உள் உறையும் கிழிந்து வரும்.

ரிவர்ஸ்தான் ஃபிளாப்பின் எமன். முன்னோக்கிப் போகும்போது பனி அதைப் பின்பக்கமாக வளைத்துவிட்டு விலகிவிடும். பின்னோக்கி வரும்போது அது டயருக்கும் பனிக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும், டயரே இழுத்துப் பிய்த்துவிடும். வாசல் வரம்பை மண்வாரியால் இரண்டு சக்கரத் தடத்துக்காவது வெட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.

பிய்ந்ததற்குப் பதிலாக அதே கெட்டி பிளாஸ்டிக்கை வாங்காதீர்கள். குளிரிலும் வளையும் ரப்பரோ, பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கோ கேளுங்கள். பொருத்தும்போது இருக்கிற துளைகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள். தகட்டில் புதுத் துளை போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு புதுத் துளையும் துருவுக்கு வாசல்.

வாணி:

மிக்க நன்றி அண்ணா. பின் ஃபிளாப்பை மட்டும் இப்போதைக்குக் கழற்றிவிடுகிறேன், முன்னால் ரப்பர் போடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். காலையில் இறுகிப்போயிருந்தால் வெந்நீர் ஊற்றலாமா? நேற்று நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் கடுமையாக நடுங்கியது. அதுவும் ஃபிளாப்பில் சேர்ந்த பனியாலா?

எட்மன்டன் குமார்:

வெந்நீர் வேண்டவே வேண்டாம் சகோதரி. வடிந்த நீர் சற்று நேரத்தில் பிரேக்கிலும் தரையிலும் உறைந்துவிடும், நீங்களே வழுக்கி விழுவீர்கள். ஃபிளாப்பின் உட்பக்கம் உலர்ந்திருக்கும்போது சிலிக்கோன் ஸ்பிரே அடித்து வையுங்கள். பனி ஒட்டுவது நிற்காது, ஆனால் தட்டினால் பாளமாகக் கழன்று விழும். டயரிலும் பிரேக் தட்டிலும் ஸ்பிரே படாமல் ஒரு துணியை மறைவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கராஜ் அண்ணன் (டிம்மின்ஸ்):

குமார் சொன்னது சரி. நடுக்கம் ஃபிளாப்பால் வந்திருக்காது. பெரும்பாலும் சக்கரத்தின் உட்புற வளையத்தில் ஒரு பக்கமாகப் பனி உறைந்து எடை சாய்ந்திருக்கும். வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடும். நெடுஞ்சாலையில் ஏறும் முன்னர் நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் கைவிளக்கு அடித்துப் பார்த்துச் சுரண்டிவிடுங்கள். சுரண்டிய பிறகும் நடுங்கினால் தள்ளிப்போடாமல் சக்கரங்களின் சமநிலையையும் நட்டுகளின் இறுக்கத்தையும் ஒரு கராஜில் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்கால டயர் அண்மையில் மாற்றியிருந்தால் நட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.